இடது முன் சக்கரம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலியும் கூடவே இருக்கிறது. உன் கை எப்படி? எலும்பு சேர எத்தனை வாரம் என்றார்கள்?

ஐந்து நாளில் பதினேழு முறை போன் செய்துவிட்டேன். ஒரே ஒரு முறை எடுத்தாய். "அலோ, அலோ" என்று இரண்டு தடவை சொன்னாய். நான் பேசப் பேச வைத்துவிட்டாய். உங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் உன் சட்டைப்பையில். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது அல்லவா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் லாரியின் இடது முன் சக்கரத்தில் பிரேக் பேட் ஒன்று இல்லை. அது சோதனைச்சாவடிக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே சாலையில் கிடந்தது. அதனால்தான் நீ மிதித்ததும் வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாவடியில் மோதியிருக்கிறது. காவலாளிக்குக் கால் இரண்டு இடத்தில் முறிவு. அந்தச் சக்கரத்துக்கு முந்தின நாள் பேட் மாற்றியவள் நான். வேலைத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது.

இந்த ஐந்து நாளாக அந்த வேலையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேட்டை இறக்கினேன். மேலே ஸ்பிரிங் வைத்தேன். அதன்மேல் குறுக்குப் பட்டையை அழுத்திப் பிடித்து, பின்னைச் செருகி, வாஷர் போட்டு, பின் நழுவாமலிருக்க ஸ்பிளிட் பின் மாட்டி, அதன் இரண்டு காலையும் எதிரெதிர்ப் பக்கமாக மடக்கினேன். கடைசியில் பின்னுக்கும் பட்டைக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டேன். பட்டை இருக்கிற வரை பேட் எழும்பி வராது. பட்டை கழன்றால் பேட் உடனே விழுந்துவிடாது. முதலில் ஆடும், சத்தம் போடும். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறவனுக்கு அது கேட்காமல் இருக்காது.

வழியில் என்ன நடந்தது அண்ணா? உள்ளதை உள்ளபடி ஒரு வரி எழுதிப் போடு.

உன் பதிலுக்காகத் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை


மார்ச் 13

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். உன் அண்ணனுக்கு வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரமாகும் என்கிறார்கள். ஆகவே அவர் சார்பில் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "சத்தம் ஏதாச்சும் வந்துச்சா, சொல்லுங்க" என்றேன். "ஒண்ணும் கேக்கலை" என்றார். திரும்பக் கேட்டேன். "கேக்கலைன்னா கேக்கலை, விடேன்" என்று எழுந்து வெளியே போய்விட்டார். விசாரணை அதிகாரிக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறாராம். வண்டி வழக்கம்போலப் போனது, மிதித்தார், இழுத்துக்கொண்டு போனது. அவ்வளவுதான். இதற்குமேல் எங்களுக்குத் தெரியாது.

உன் கையில் தப்பு நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் மனுஷர்தானே, ஒரு நாளைக்கு எத்தனை சக்கரம் பார்க்கிறாய்.

வேறொன்று கேட்க நினைத்தேன். மாதம் இரண்டு சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க அங்கே வருகிறாரே, அப்போது நன்றாகத் தூங்குகிறாரா? உங்களோடு கலகலப்பாகப் பேசுகிறாரா? இங்கே வந்தால் ஏதோ யோசனையிலேயே இருக்கிறார். அதனால்தான் கேட்டேன், வேறு ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அண்ணனுக்கு இந்த வயதில் நீங்கள் சோறு ஊட்டுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். ஊட்டினால் நிறுத்திவிடுங்கள், பழகிவிடுவான் என்றும் சொன்னார்கள்.

நேற்று விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீளமான மேசை. ஒரு பக்கம் அதிகாரி, பக்கத்தில் எங்கள் ஃபோர்மேன். மேசைமேல் ஒரு துணியில் அந்தப் பட்டையை வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. நான் போட்ட பின் அதில் இல்லை. அது இருக்க வேண்டிய ஓட்டையில் பச்சை உறை போட்ட மெல்லிய கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. மஞ்சள் கோட்டில் பாதி பட்டைமேல் அப்படியே இருக்கிறது. மறு பாதி பின்னோடு போய்விட்டது. அப்படியென்றால் நான் மூடிய பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள்!

நான் இதைச் சொன்னேன். ஃபோர்மேன், "பின் கைக்குக் கிடைக்கலைன்னு நீயே கம்பியக் கட்டி அனுப்பிட்டியோ என்னவோ" என்றார். பதினொரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறவர் இப்படிச் சொன்னார். உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் வரும்போது என்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு நான்கு வண்டி பார்த்தேன். அதில் எது எது என்று கண்ணை மூடி எண்ணிக்கொண்டே வந்தேன்.

வண்டி எங்கள் லாரி கம்பெனி யார்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சாவடிக்குப் போனது வரை மூன்று மணி நேரம் கூடுதலாக ஆகியிருக்கிறது. வண்டி எங்கே நின்றது? யார் சக்கரத்தைத் தொட்டது? அண்ணனிடம் இந்த இரண்டை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

அண்ணன் இங்கே தூங்குகிறானா என்று கேட்டிருந்தீர்கள். அவன் இங்கே வந்தே ஐந்து மாதம் ஆகிறது அண்ணி. வண்டியை யார்டில் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பெண்டாட்டியைப் பார்க்கிற அவசரம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பதிலை எதிர்பார்க்கும்
தங்கை


ஏப்ரல் 21

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் விரல் இன்னும் மடங்கவில்லை. எழுதத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே.

ஐந்து மாதம் என்று எழுதியிருந்தாய். நிச்சயமாகவா? அம்மாவிடமும் கேட்டுப் பார். நீ வேலைக்குப் போன நேரத்தில் வந்து போயிருக்கலாம் இல்லையா? யார்டிலிருந்து கிளம்பும்போது அவர் தனியாகத்தான் போவாரா? யாராவது வந்து காத்திருப்பார்களா? நீ நேரில் பார்த்ததை மட்டும் எழுது, போதும். அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லிவிடாதே.

வேலை விஷயம் நல்லபடியாக முடியும். கவலைப்படாதே.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

வணக்கம். அம்மா நலம். நான் நலமில்லை. இரண்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் எப்படி நலமாக இருப்பாள்?

நான் இரண்டு கேள்வி கேட்டேன். நீங்கள் ஒரு மாதம் கழித்து நான்கு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வண்டி எங்கே நின்றது என்பதற்கு ஒரு எழுத்துக்கூட இல்லை. கம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை. என் கடிதத்தில் ஒரு பக்கத்தை மட்டும் படித்தீர்களா? அல்லது படித்தும் விட்டுவிட்டீர்களா?

போன வாரம் நான் ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் ஷெட்டில் நெட்டை என்று ஒருவன் இருக்கிறான். அவனை மட்டும்தான் இன்னும் நம்புகிறேன். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் ஓட்டிய வண்டி மாதிரியே ஒன்றின் பட்டையைக் கழற்றிவிட்டு, யார்டுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டு என்றேன். நான் மதிலுக்கு வெளியே தெருவில் நின்றேன். என்னை உள்ளே விட மாட்டார்கள். அண்ணி, மதிலைத் தாண்டிக் கேட்கிறது! தெருவில் போன ஒரு பெரியவர், "என்னம்மா உள்ள பாத்திரக்கடை வெச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஓட்டுகிறவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அண்ணன் பொய் சொல்கிறான். கேட்டிருக்கிறது. கேட்டும் ஓட்டியிருக்கிறான். யாரையோ காப்பாற்றுகிறான். யாரை என்றுதான் தெரியவில்லை. எனக்கு வருகிற நினைப்பெல்லாம் எழுதக்கூடியதாக இல்லை.

மே இருபதாம் தேதி கடைசி விசாரணை. அன்றைக்கு நான் மதில் கதையைச் சொல்லப்போகிறேன். ஓட்டியவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை என்று சொல்லப்போகிறேன். கூடப் பிறந்தவன் என்று பார்த்தால் நான்தான் தெருவில் நிற்க வேண்டும். அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கப் போவதில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

தங்கை


மே 4

தங்கச்சிக்கு,

அம்மா சுகமாக இருக்கட்டும். இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

கை மடங்காமல் உட்கார்ந்திருக்கிற மனிதரைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாய். உன் வேலை உனக்கு வேண்டும், சரி. அதற்காக அண்ணன் தலையில் தூக்கி வைப்பாயா? எவனோ வழிப்போக்கன் வேலி கட்டுகிற கம்பியைச் சுற்றிவிட்டுப் போனதற்கு அவர் என்ன செய்வார்? லாரி ராத்திரி பகல் எங்கெங்கோ நிற்கிறது. யார் கை வைத்தார்கள் என்று அவர் காவலா இருக்க முடியும்?

உனக்கு உன் சக்கரம்தான் பெரிது. என் வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? இரண்டு வருஷமாக இந்த மனிதர் என்னோடு பேசுவதில்லை. நான் அடுப்படியிலிருந்து ஒன்று சொன்னால் பதில் கிடையாது. பக்கத்தில் படுத்துக்கொண்டு மனதில் உள்ளதைச் சொன்னால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எதிரே வந்து நின்று கத்தினால், "ஏன் இப்ப கத்துறே" என்கிறார். போன் வந்தால் எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விடுகிறார். மாதம் இரண்டு சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கேயோ போகிறார். அது உன் வீடு இல்லை என்று நீயே சிரித்துக்கொண்டே எழுதினாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் ஒரு மாதம் எப்படி இருந்தேன் என்று நீ கேட்டாயா?

எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அவள் யார் என்று மட்டும்தான் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தால் மறைக்காதே.

அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சண்டை போட எழுதவில்லை. இரண்டு விஷயம்தான்.

ஒன்று. நான் எழுதியது பச்சை உறை போட்ட கம்பி என்று. அதற்குமேல் எழுதவில்லை. நான் கூட அது ஏதோ மின்சாரக் கம்பி என்றுதான் நினைத்திருந்தேன். வேலி கட்டுகிற கம்பி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நெட்டையை விட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி. வேலி வலை கட்டுகிற கம்பியேதான். ஏழு மணி நேரப் பயணத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எப்படி அண்ணி தெரிந்தது?

இரண்டாவது, அம்மா சொன்னது. உங்கள் கடிதத்தை நான் மறைத்து வைத்திருந்தேன். எடுத்துப் படித்துவிட்டார்கள். அடுப்படியிலிருந்து சொன்னால் பதில் இல்லை, எதிரே நின்றால் ஏன் கத்துகிறாய் என்கிறார் என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அவன் எவ பின்னாடியும் போகலைடி. அவனுக்குக் காது போச்சு. உங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, நாற்பத்தஞ்சு வயசுல" என்றார்கள்.

போனில் "அலோ அலோ" என்றது நினைவுக்கு வந்தது. யார்டில் இடது பக்கமிருந்து கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பானே, அதுவும்.

அவன் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடது பக்கம் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். பிறகு வலது பக்கம். என்ன நடந்தது என்று எழுதுங்கள். கம்பியைப் பற்றியும் எழுதுங்கள். இந்த முறை எதையும் விட வேண்டாம்.

தங்கை


மே 14

என் தங்கச்சிக்கு,

அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல். சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

நீ சொன்னபடி செய்தேன். அவர் ஜன்னலோரம் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் நின்று, "ஏங்க, வீடு பத்தி எரியுது" என்றேன். பக்கத்தைத் திருப்பினார். வலது பக்கம் போய் அதையே சொன்னேன். "என்ன எரியுது?" என்று எழுந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்கும் புரிந்துவிட்டது. அலமாரியின் மேலிருந்த பெட்டிக்குள் கை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். காதுக்குள் வைக்கிற மெஷின். வாங்கி ஏழு மாதமாகிறது. ஒரு நாளும் வெளியில் வைத்துக்கொள்ளவில்லை. "தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும். வேற என்ன வேலை தெரியும் எனக்கு?" என்றார். சனிக்கிழமைகளில் போனது காது டாக்டரிடம். இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் பாதி இருக்கிறது.

இனி என் கதை. அவருக்கு வேறு இடம் இருக்கிறது என்று நான் முடிவே கட்டியிருந்தேன். லாரிக்குள் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் சாப்பிட வரும்போது வண்டியின் சாவியும் கூடவே வந்துவிடும். அதனால் என் தம்பியிடம் சொன்னேன். ஊருக்கு வெளியே அவன் வேன் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறான், உனக்குத் தெரியும். "மாமா வண்டியை ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைடா, ஏதாச்சும் காரணம் சொல்லு" என்றேன். அவன் பிப்ரவரி இருபத்தாறாம் தேதி வண்டியை மறித்து, "மாமா, முன்னாடி எடது வீல்ல கடகடன்னு சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றான். சும்மா அடித்துவிட்டது. சத்தமே இல்லை. இவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமா, காலையிலேர்ந்தே வருது. பாரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

இல்லாத சத்தத்தை இருக்கிறது என்கிறாரே, இந்த ஆள் எவ்வளவு பெரிய பொய்யர் என்று அப்போது நினைத்தேன். கேட்காதது தெரிந்துவிடுமோ என்று பயந்து அவர் ஒத்துக்கொண்டார் என்று இப்போதுதான் தெரிகிறது.

தம்பி சக்கரத்தைக் கழற்றினான். காரணம் சொன்ன பிறகு எதையாவது பிரித்தாக வேண்டுமே என்று அந்தப் பட்டையையும் கழற்றினான். கோணியின் மேல் பேட்டை வைத்திருந்தான். நான் எடுத்துப் போயிருந்த சாப்பாட்டை அவர் பட்டறைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் லாரியில் ஏறி மெத்தைக்கு அடியில், சீட்டுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். பொத்தான் மாதிரி குட்டி பேட்டரி ஒரு அட்டை கிடைத்தது. வாட்ச் கட்டாத மனிதருக்கு இது எதற்கு, யாருக்கோ வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். காதுக்கு என்று தோன்றவே இல்லை.

திரும்பப் பூட்டும்போது ஸ்பிளிட் பின் முறிந்துவிட்டது. பெரிய பின் உருண்டு சாக்கடைச் சல்லடைக்குள் விழுந்தது. அந்த அளவு பின் தம்பியிடம் இல்லை. எங்கள் வீட்டு வேலிக்கு வாங்கி அவனிடம் மிச்சமிருந்த கம்பியை எடுத்து நான்கு சுற்றுச் சுற்றினான். "மாமா, மெதுவாப் போங்க, பிரேக்க ரொம்ப மிதிக்காதீங்க. நாளைக்கு வர்றப்போ பின் போட்டுத் தர்றேன்" என்று இரண்டு தடவை சொன்னான். இவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டுச் சிரித்துத் தலையை ஆட்டினார். அவருக்கு ஒரு சொல்லும் விழவில்லை.

பச்சைக் கம்பி என்று நீ எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. மற்றதையும் பாதிதான் படித்தேன். அவர் தலையாட்டுவார் என்று எனக்குத் தெரியும். தம்பிக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது. அவனா, நீயா என்று வந்தபோது நான் உன்னை விட்டுவிட்டேன். இதற்குமேல் அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருபதாம் தேதி நாங்கள் மூன்று பேரும் வருகிறோம்.

அண்ணி


ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

நான்தான் எழுதுகிறேன். விரல் சரியாக மடங்காததால் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொள். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த அறையில் என்னால் எதையும் ஒழுங்காகப் பேச முடியவில்லை. அதிகாரி கேட்டதில் பாதிதான் விழுந்தது. மெஷினை வைத்தால் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. எப்படியோ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மச்சானும் சொன்னான். பட்டறையை மூடிவிட்டான். இனி ஒரு பட்டறையில் சம்பளத்துக்குத்தான் போக வேண்டும். என் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். யார்டில் வருகிற வண்டியை எழுதி வைக்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாம்.

மச்சான் பட்டறையில் வண்டியை நிறுத்தியதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், எதற்கு நிறுத்தினாய் என்பார்கள். சத்தம் வந்தது என்றால், என்ன சத்தம் என்பார்கள். அப்படியே பிடித்துக்கொண்டு போனால் காதில் வந்து நிற்கும். கம்பி விஷயம் எனக்குத் தெரியாது, அது சத்தியம். ஆனால் தெரிந்த அளவைச் சொல்லியிருந்தால் நீ முதல் வாரமே வேலைக்குப் போயிருப்பாய். தினமும் காலையில், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். சாயங்காலம் வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் காவலாளியைப் பார்க்கப் போனேன். ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. "கேக்காத காத வெச்சுக்கிட்டு ஏன்யா ஓட்டினே?" என்றார். வலது பக்கம் நின்றிருந்தேன், நன்றாகவே கேட்டது. அவர் கதவைச் சாத்துகிற வரை நின்றுவிட்டு வந்தேன். மறுபடி போவேன்.

அண்ணியோடு பேச்சு இன்னும் தாளில்தான். கோபத்தால் இல்லை. எழுதிக் காட்டினால் அவள் பொய் எழுதுவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். விசாரணை முடிந்து வெளியே வரும்போது நீ என்னைக் கடந்து போனாய். இடது பக்கமாகப் போனாய். உன் உதடு அசைந்தது. நின்று ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனாய். அது என்ன என்று தெரியாமல் எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

உன் அண்ணன்


ஜூன் 15

அன்புள்ள அண்ணா,

எண்ணெய் வந்தது. அம்மா ஒரு காலுக்கு மட்டும் தேய்த்துக்கொண்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இந்த வீட்டில் இப்போது யாரும் எதையும் சோதிக்காமல் நம்புவதில்லை.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. முதல் நாள் ஃபோர்மேன் என் பக்கத்தில் வந்து நின்று, "மனசுல வெச்சுக்காதே" என்றார். "வெச்சுக்குவேன்" என்றேன். போய்விட்டார். பதினொரு வருஷமாகப் பின்னைச் செருகிவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தவள், இப்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் நெட்டையைக் கூப்பிட்டு, "பாரு, இருக்கா?" என்று கேட்கிறேன். அவன், "இருக்கும்மா தாயே" என்கிறான். அவன் போனதும் நானே இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்க்கிறேன். கை பழையபடி இல்லை அண்ணா. அதை நீங்கள் யாரும் திருப்பித் தர முடியாது.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றுமில்லை என்று எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். மூன்று மாதமாக நம் குடும்பத்தில் எல்லாரும் இப்படி ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். அதனால் உள்ளதையே எழுதுகிறேன். "இனி நீ எனக்கு அண்ணனும் இல்லை, நான் உனக்குத் தங்கச்சியும் இல்லை" என்றேன். வாய் தவறி வரவில்லை. அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதே யோசித்து வைத்திருந்தேன். சொன்னதும் நீ திரும்பக்கூட இல்லை. பார், எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பாதி வழியில்தான், நான் நின்றது எந்தப் பக்கம் என்று உறைத்தது.

இறங்கித் திரும்பி வந்து வலது பக்கம் நின்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை மட்டும்தான் இன்றைக்கு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

யார்டு வேலையை ஒத்துக்கொள். உன் மேசை என் பட்டறைக்கு நேர் எதிரே வரும். தினமும் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருக்கும். பேசுவேனா, மாட்டேனா என்று இப்போது கேட்காதே, எனக்கே தெரியாது. மெஷினைக் காதில் வைத்துக்கொண்டு வா. நான் பேசினால் முதல் தடவையிலேயே கேட்க வேண்டும்.

அண்ணிக்குத் தனியாக எழுத வேண்டும். இரண்டு தாள் கிழித்துப் போட்டாகிவிட்டது. மூன்றாவதை எழுதி முடித்ததும் அனுப்புகிறேன்.

தங்கை